குருதியும் கடமையும்

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வியன்னாவின் சட்டமருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொலெச்கா, பிணப்பரிசோதனையின்போது மாணவனொருவனின் கத்தி விரலிற் பட்டு, அக்காயத்தின் வழியே நஞ்சேறி இறந்தார். அவரது பிரேதபரிசோதனைக் குறிப்பைப் படித்த நண்பர் செம்மல்வைசு, பிரசவ விடுதியில் தாய்மாரைக் கொன்றுவந்த காய்ச்சலும் இதுவேயென உணர்ந்தார். அதே ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் உருவான அமெரிக்க மருத்துவச் சங்கம், கொள்ளைநோய்க் காலத்தில் தம்முயிர்க்கு ஆபத்து நேரினும் மருத்துவர் பணியினின்று விலகலாகாது எனத் தன் ஒழுக்கக்கோவையில் எழுதிற்று. இருபதாம் நூற்றாண்டில் அவ்வாசகம் கோவையினின்றும் நீங்கியது. கொள்ளைநோய்களின் காலம் முடிந்ததென்று கருதினர் போலும்!

எயிட்ஸ் நோய் அக்கருத்தைக் குலைத்தது. ஊசிக்குத்தினால் எச்.ஐ.வி. தொற்றியமை 1984இல் அறிவிக்கப்பட்டது. தொற்றுடையவர் என்ற ஒரே காரணத்தால் நோயாளரை மறுத்தல் தகாது என அச்சங்கம் 1987இல் மீண்டும் கூறவேண்டியதாயிற்று.

எனினும் அச்சத்தின் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றல்ல. எச்.ஐ.வி. உள்ள குருதி படிந்த ஊசி குத்திய ஆயிரவருள், மருந்து உட்கொள்ளாவிடினும், ஏறத்தாழ மூவருக்கே தொற்று ஏற்படும். தடுப்பூசி பெறாதோர்க்கு ஈரலழற்சி பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 தொடக்கம் 30 வரையாகும். ஆயினும் எச்.ஐ.வி.க்கு அஞ்சிய அளவுக்கு நாம் ஈரலழற்சிக்கு அஞ்சியதில்லை. நாம் அஞ்சியது குருதியை மட்டுமன்று. அக்குருதிக்குரியவரின் வாழ்வைப் பற்றி நாமே எழுதிக்கொண்ட தீர்ப்பையும் அஞ்சினோம்.

இனி, கடினமான வினாவுக்கு வருவோம். தாதியொருவரின் விரலில் ஊசி குத்திவிட்டது. நோயாளரோ தம் குருதியைப் பரிசோதிக்க உடன்படவில்லை. அவரது மறுப்பை மீறலாமா? மீறலாம் என்போரின் வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. பிறர்க்காகத் தன்னை ஆபத்துக்குள்ளாக்கியவர் தம் நிலையை அறியவும் உரிமையற்றவரா என அவர்கள் வினவுவர். ஆனால் மருத்துவத்தின் நடைமுறையே இவ்வாதத்தின் வலிமையைக் குறைத்துவிடுகிறது. தடுப்பு மருந்தைச் சில மணித்தியாலங்களுக்குள், பிந்தினும் 72 மணித்தியாலங்களுக்குள், தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளல் வேண்டும். முடிவுக்குக் காத்திருத்தல் தவறு. சிடோவுடின் மருந்து இவ்வாபத்தை ஏறத்தாழ 81 வீதம் குறைத்தமையை 1997இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எனவே வற்புறுத்திப் பெறும் முடிவு தாதிக்குப் பெரும்பாலும் மிச்சப்படுத்துவது, சில வாரக் குமட்டலையும் உறக்கமற்ற இரவுகளையுமே. அவை சிறியனவல்ல. ஆயினும் அவற்றுக்கு ஈடாக ஒருவரின் உடலை அவரது சம்மதமின்றி வாசித்தல் நியாயமாகாது. கேட்கலாம், விளக்கலாம், மீண்டும் கேட்கலாம்; பெரும்பாலோர் உடன்படுவர். நினைவிழந்து கிடப்பவரிடம் எவ்வாறு கேட்பது என்பதற்கு என்னிடம் தெளிவான விடையில்லை.

கடமை பற்றிய விவாதம் மருத்துவரையே சுற்றி நிகழ்வதும் நோக்கற்பாலது. எவரோ குப்பைப் பையில் அலட்சியமாக எறிந்த ஊசி, அதனைச் சுமக்கும் சிற்றூழியரின் கையிலும் குத்துகிறது. அவர் எவ்வுறுதிமொழியும் எடுத்தவரல்லர்; அவருக்கு ஒழுக்கக்கோவை வேண்டியதில்லை, ஊசி துளைக்காத பெட்டி வேண்டும்.

ஊசி குத்திய தாதியும் அன்று முதல் நோயாளரே. ஆறாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் அவரது குருதி பரிசோதிக்கப்படும். அவ்வறிக்கை தம் விடுதியிலுள்ள சகபாடிகளின் கண்ணிற் படலாகாதென அவர் அதனை மடித்து வைத்துக்கொள்வார்.