போன ஜென்மத்துக் கடனா?

சாகண் சந்தையில் மாடு வாங்குகிறவர் முதலில் அதன் வாயைத் திறப்பார். பல்லை எண்ணுவார், நடக்கவிட்டுப் பார்ப்பார், விற்பவருக்கு எந்த ஊர் என்று கேட்பார். புனே–நாசிக் நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊருக்கு வெங்காயமும் மாடும்தான் பழைய அடையாளம். ஃபோக்ஸ்வாகன், பஜாஜ் போன்ற வாகன ஆலைகள் எல்லாம் பின்னால் வந்தவை. அந்த ஆலைகளுக்கு வேலை தேடி வந்த தமிழர்களுக்கும் பல் பார்க்கும் வழக்கம் புதிதல்ல. மணப்பாறையிலும் அந்தியூரிலும் பார்த்ததுதான்.

அப்படி வந்த ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வளர்க்கும் நாய்க்குத் தீனி தீர்ந்துவிட்டது. கடையில் 4,000 ரூபாய் விற்கும் மூட்டை, போனில் வந்த விளம்பரத்தில் 800 ரூபாய். படத்துக்குக் கீழே ஒரு கடிகாரம் ஓடுகிறது: இன்னும் 11 நிமிடம்தான். பணம் போகிறது, மூட்டை வரவில்லை. ஒரு வாரத்தில் அந்தத் தளமும் காணாமல் போகிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். எண்பது சதவீதத் தள்ளுபடியின் சூட்சுமமே அதுதான். விற்பனையைத் தானம்போலக் காட்டிவிட்டால் யாரும் வாயைத் திறந்து பார்ப்பதில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததே. "விடுப்பா, போன ஜென்மத்துக் கடன்னு நெனச்சுக்கோ."

ஆறுதலான சொல். ஆனால் சரியான சொல்லா?

அதற்கு முன் வருவது யாரை நம்பலாம் என்ற கேள்வி. அதை 'நியாயம்' என்ற தத்துவ மரபினர் மிகப் பழைய காலத்திலேயே கையில் எடுத்திருக்கிறார்கள். கண்ணால் காண்பதும் ஊகித்து அறிவதும் போல, பிறர் சொல்வதும் அறிவுக்கு ஒரு வழி என்பது அவர்கள் கட்சி. ஆனால் சொல்கிறவர் 'ஆப்தர்' ஆக இருக்க வேண்டும். அதாவது, விஷயத்தை நேரில் அறிந்தவராகவும், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவராகவும் இருக்க வேண்டும். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இந்த இலக்கணம் ரிஷிக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றுதான் என்கிறார். பிறப்போ கோலமோ கணக்கில் இல்லை. வள்ளுவர் இதற்கென்றே 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்து, ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்று முடிக்கிறார்.

போலித் தளத்தில் இருப்பது கோலம் மட்டுமே. சொல்கிறவர் அங்கே இல்லவே இல்லை. முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டுப் படத்தைப் பலர் நேர்மைக்கு முத்திரை என்று எண்ணுகிறார்கள். நடுவழியில் தகவலை யாரும் படிக்க முடியாது என்பதற்கு மேல் அது எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. பார்க்க வேண்டிய பற்கள் வேறு. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவர் தன் சட்டப்பூர்வமான பெயர், முகவரி, குறைதீர்க்கும் அதிகாரியின் பெயர் ஆகியவற்றைத் தளத்தில் போட்டாக வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து நீளம். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். சாகணில் கிடங்கு வைத்திருக்கிறேன் என்பவரின் எண் 27-இல் தொடங்க வேண்டும், சென்னைக்காரர் என்றால் 33. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். யுபிஐயில் பின் நம்பரை அழுத்துவதற்கு முன் திரையில் வரும் பெயரையும் ஒருமுறை படிக்கலாம். கம்பெனிக்குக் கட்டும் பணம் யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போகிறதென்றால், அங்கேயே பல் ஆடுகிறது.

செல்லப்பிராணிச் சந்தையில் இரை வைக்கப்படுவது பேராசைக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிய நாயின் பின்னால், காய்ந்த ரொட்டியைத் தின்னாதே என்று நெய்க் கிண்ணத்தோடு ஓடினார் பக்திக் கவி நாமதேவர் என்பது இந்தப் பக்கத்து விட்டல பக்தர்களான வார்க்கரிகள் சொல்லும் கதை. அந்த அன்பைக் குறிவைத்துத்தான் தூண்டில் விழுகிறது. அமெரிக்காவின் பெட்டர் பிசினஸ் பியூரோ 2017-இல் நாய்க்குட்டி மோசடிகளைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. இல்லாத குட்டிக்கு முதலில் விலை, பிறகு விமானக் கூண்டுக்குக் காசு, பிறகு காப்பீட்டுக்கு, தடுப்பூசிக்கு. கொடுக்க மறுத்தால், குட்டியைக் கைவிட்டதாக வழக்கு வரும் என்ற மிரட்டல். கல்நெஞ்சக்காரரிடம் இந்த வியாபாரம் நடக்காது.

ஏமாந்தவரைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் சொல்கிறவருக்கு ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை பாதுகாப்புத் தந்தது. தானே பின் நம்பரை அழுத்தி அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தவில்லை. ஆனால் ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுபவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதாவது நம்பியவரின் கவனக்குறைவு ஒரு கணக்கு, ஏமாற்றியவனின் குற்றம் வேறு கணக்கு. போன ஜென்மத்துக் கடன் என்கிற பேச்சு இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிவிடுகிறது.

கடனை விட்டுவிட்ட ஒருவரின் கதை இங்கேயே உண்டு. சாகணுக்குப் பக்கத்தில்தான் பக்திக் கவி துக்காராமின் ஊரான தேஹு. அவர் தியானத்தில் அமர்ந்த பாம்சந்திரா குன்றின் அடிவாரம் வரை இன்று தொழிற்பேட்டை வந்துவிட்டது. கடை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர் துக்காராம். ஊரார் எழுதிக்கொடுத்த கடன் பத்திரங்களில் தம்பியின் பாதியைத் தம்பியிடமே கொடுத்துவிட்டு, தன் பாதியை மட்டும் இந்திராயணி ஆற்றில் போட்டார் என்று சொல்வார்கள். அந்தப் பாதிதான் கவனிக்க வேண்டிய இடம். கையில் பத்திரம் இருந்தது, கடன்காரர் யார் என்று தெரியும், வசூலிக்கவும் முடியும். அதன்பிறகுதான் விட்டார். தம்பிக்குச் சேரவேண்டியதை அவர் தானம் செய்யவில்லை. 800 ரூபாய்க்கு எவன் புகார் கொடுப்பான் என்று நினைத்துத்தான் தளத்துக்காரன் 800 என்று விலை வைக்கிறான். விட்டுவிடுகிறவர், அடுத்து ஏமாறப்போகிறவரின் பங்கையும் சேர்த்தே ஆற்றில் போடுகிறார்.

ஏமாந்தவர் கூப்பிட வேண்டிய இணையக் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறாரோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் அதை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. சாகண்காரர் என்றால் பிம்ப்ரி சின்ச்வட் போலீஸ் எல்லை. எதிர்முனையில் இருப்பவர் முன்ஜென்மத்தைப் பற்றி எதுவும் கேட்கமாட்டார். பணம் போன நேரத்தையும் யுபிஐ ரசீதில் இருக்கும் 12 இலக்க எண்ணையும் கேட்பார். அதை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சொல்லி முடித்ததும், காலடியில் காலித் தட்டை நக்கி நகர்த்திக்கொண்டிருக்கும் நாய்க்கு முக்குக் கடையில் கால் கிலோ தீனி வாங்கிவர வேண்டும்.