வண்டு மொய்யா மலர்

இறைவனுக்கு இடும் மலர் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்ற வினா, மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு ஆசாரத்தைப் பற்றிய சிறு வினாவாகத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குவார்க்கு மனிதனுக்கும் இயற்கைக்கும் ஈசுவரனுக்கும் உள்ள உறவு முழுவதையும் தன்னுள் அடக்கிய தத்துவ விசாரமாகவே விளங்கும். இவ்வினாவை எழுப்புவதற்கு மதுரையினும் தக்க இடம் அரிது. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மல்லிகைக்குப் பேர்போன இந்நகரத்தில், மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்து குவியும் மலர்களில் ஒரு பங்கு கூந்தலுக்கும், ஒரு பங்கு மணமேடைக்கும், ஒரு பங்கு பாடைக்கும், ஒரு பங்கு அங்கயற்கண்ணியின் சந்நிதிக்குமாகப் பிரிந்து போகின்றன. ஒரே செடியிற் பூத்தவை வெவ்வேறு கதி அடைவதை நோக்கின், தெய்வத்துக்குரிய தகுதி பூவிலேயே இருக்கிறது என்று சொல்ல நமக்குத் துணிவு வருவதில்லை. அங்ஙனமாயின் அது வேறெங்கே இருக்கிறது?

இதனை ஆராய்வதற்குச் சந்தைக்கு வாராத ஒரு மலரைத் துணைக்கொள்வோம். மேனாட்டார் லில்லி என்று போற்றும் மலர் குளிர்ந்த மலைகளையே நாடுவது; மதுரைச் சமவெளியின் வெயில் அதற்கு ஒவ்வாது. ஆனால் அதற்குத் தூரத்து உறவினதாகிய செங்காந்தள், நம் குன்றுகளின் அடிவாரத்திலும் வேலிகளின் புதரிலும் தானே முளைத்து, இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி, அண்டையிலுள்ள செடியைப் பிடித்து ஏறிப் படருவது. கார்காலத்தில் தலைகீழாகத் தொங்கும் அதன் பூவின் ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து, அலையலையாய் நெளிந்து, முதலிற் பசுமையும் மஞ்சளுமாய் இருந்து, பின்னர் நுனியிலிருந்து சிவந்து, முடிவில் முழுவதும் செந்தழல் நிறம் பெறும். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. ஈழத்தமிழர் இதனைக் கார்த்திகைப்பூ என்பர். எனினும் நம் உழவர் வாயில் இதற்குப் பெயர் கண்வலிக்கிழங்கு. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் கம்பிப் பந்தலிட்டு இதனைப் பயிர் செய்வோர், காலை வேளையில் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூல்முடியில் தம் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள். சூல்தண்டு பக்கவாட்டில் மடிந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், அவ்வாறு செய்தாலன்றிக் காய் நிறையப் பிடிப்பதில்லை. அவர்கள் வேண்டுவது பூவை அன்று, விதையை. அவ்விதையில் உள்ள கோல்ச்சிசின் என்னும் சத்து, வாதரோகங்களுள் கொடிதான கௌட்டு நோய்க்கு மருந்தாகிறது. அளவு மீறினால் அதுவே உயிரைப் போக்குகிறது. கிழங்கும் கொடிய நஞ்சு.

இந்த நச்சுக்கொடியின் பூவைத்தான் நம் முன்னோர் முருகனுக்குரியதாகத் தேர்ந்தனர். திருப்பரங்குன்றத்திலிருந்து தொடங்கும் திருமுருகாற்றுப்படையில், நக்கீரர் முருகன் தலையிற் காந்தட் கண்ணியைச் சூட்டுகிறார். அதனை வண்டும் மொய்க்காது என்று ஓர் அடைமொழியையும் சேர்க்கிறார். வேலன் ஆடும் வெறியாட்டைக் காந்தள் என்னும் பெயராலேயே தொல்காப்பியம் குறிக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களுள் முதலில் நிற்பதும் இச்செங்காந்தளே; நீரிற் பூக்கும் ஆம்பல் அதற்கு அடுத்தது. தெய்வத்துக்குரிய பூவாதலின் வண்டு மொய்க்கவில்லை என்பது மரபாக வந்த விளக்கம். தாவர சாஸ்திரம் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் இப்பூவை நாடிவரக் காண்கிறது. ஆயினும் புலவர் கூற வந்தது தோட்டத்துச் செய்தி அன்று. பிறரொருவர் பங்கு கொள்ளாத பொருளே தெய்வத்தின் பொருள் என்ற கொள்கையை அவர் ஒரு வண்டின் விலகலால் உணர்த்திவிட்டார் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இதற்கு மாறாக, மலரின் தகுதியை அதன் தூய்மையில் வைத்துக் காணும் மரபும் உலகில் உண்டு. கிறிஸ்தவ ஆலயங்களில் சூசையப்பரின் கையில் வெண்லில்லி இருப்பதையும், கன்னிமரியாளுக்குத் தேவதூதர் மங்களச் செய்தி சொல்லும் சித்திரங்களில் அம்மலர் இடம்பெறுவதையும் யாவரும் அறிவர். நிர்மலமான வெண்மை நிர்மலமான வாழ்வுக்கு அடையாளமாயிற்று. ஆனால் இயேசு பெருமான் மலைப்பிரசங்கத்தில் வயல்வெளிப் பூக்களைச் சுட்டியபோது அவற்றின் வெண்மையைப் புகழவில்லை. அவை உழைப்பதும் இல்லை, நூற்பதும் இல்லை, ஆயினும் சாலொமோன் அரசனும் அவற்றைப் போல் அணிந்ததில்லை என்றே உபதேசித்தார். தனக்கென்று எதையும் ஈட்டாத நிலையே அங்கும் சிறப்பாகக் கொள்ளப்பட்டது.

நம் நாட்டுச் சைவமோ தூய்மை என்ற அளவுகோலை இன்னும் துணிவாக விலக்குகிறது. ஆலகாலத்தை உண்டவனுக்கு எருக்கும் ஊமத்தையும் உகந்தன. தெருவோரத்தில் ஆடும் தீண்டாத எருக்கே பிள்ளையாருக்கு மாலையாகிறது. கோயில்தோறும் மிகுதியாகப் புழங்கும் அரளியும் நஞ்சே. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்துத் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை விலக்கிய செயல் இவ்விஷயத்தைத் தெளிவாக்குகிறது: இறைவன் திருவடிக்கு ஏற்றதாக இருந்த மலர், மனிதன் வாய்க்கு ஏற்றதாக இல்லை. நமக்கு நன்மை தருவது எதுவோ அதுவே தெய்வத்துக்கும் ஏற்றது என்று எண்ணுவது, நம் வயிற்றை அளவாக வைத்துப் பிரபஞ்சத்தை மதிப்பிடும் பேதைமையாகும்.

பங்கு கொள்ளாமை என்ற கொள்கையின் மிகக் கடுமையான வடிவத்தைப் பெரியபுராணத்திற் காண்கிறோம். திருவாரூர்க் கோயிலிற் பூமண்டபத்தின் பக்கத்தே விழுந்துகிடந்த ஒரு மலரை எடுத்து முகர்ந்த கழற்சிங்கரின் பட்டத்தரசியின் மூக்கைச் செருத்துணையார் என்னும் அடியார் அரிந்தார். செய்தி அறிந்த மன்னரோ, பூவை முதலில் எடுத்தது கை அன்றோ என்று கையையும் துணித்தார். இக்கதையைக் கேட்டு மனம் நடுங்காதவர் இல்லை; ஒரு பெண்ணின் அங்கத்தைக் காட்டிலும் ஒரு பூ பெரிதா என்று கேட்பவரைக் குறை சொல்லவும் இயலாது. ஆனால் கொடுமையை நீக்கிக் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அரசியின் செயல் மலரை அசுத்தமாக்கியது என்பதைவிட, அதன்மேல் ‘என்னுடையது’ என்ற முத்திரையை இட்டது என்பதே குற்றமாகக் கருதப்பட்டது புலனாகும். கண்ணியை மொய்க்காத வண்டு விலகி நின்ற இடத்தில் அரசி விலகி நிற்கவில்லை.

அவ்வாறாயின், ஆண்டாள் செய்தது என்ன? முகர்ந்ததற்கே தண்டனை உண்டெனில், பெரியாழ்வார் கட்டிய மாலையைச் சூடியே பார்த்தவளைச் சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்று கொண்டாடுவது எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவுக்கு மதுரை ஆண்டுதோறும் விடை கூறுகிறது. சித்திரா பௌர்ணமியில் வைகையில் இறங்கவரும் கள்ளழகருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை தல்லாகுளத்துக்கு வந்து சேருகிறது; அதனை அணிந்துகொண்டே அவர் ஆற்றுக்குப் புறப்படுகிறார். அரசி பூவைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ள எடுத்தாள். கோதையாகிய ஆண்டாளோ தன்னையே இறைவனுக்குக் கொடுத்துவிட்ட பின்னர், தனக்கும் அவனுக்கும் இடையே பங்கு பிரிக்க ஒன்றும் மிஞ்சாத நிலையிற் சூடினாள். செயல் ஏறக்குறைய ஒன்றே. உரிமை கோரும் ‘நான்’ ஒருத்தியிடம் இருந்தது, மற்றவளிடம் இல்லை.

மதுரை நாயக்க வம்சத்து விஜயரங்க சொக்கநாதரிடம் அலுவல் பார்த்தவர் என்று சொல்லப்படும் தாயுமானவர் இன்னும் ஒரு படி ஏறினார். பனி படர்ந்த மலரில் இறைவனே இருப்பதைக் கண்டு, அதைப் பறிக்கவே தம் மனம் இசையவில்லை என்று பாடினார். அகிம்சை, புலனடக்கம், பொறுமை முதலாக எட்டுக் குணங்களை மானச பூஜைக்குரிய எட்டு மலர்களாக எண்ணும் வடமொழி மரபும் இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. பறித்து இடுவதும் பறியாது விடுவதும் ஒரே அர்ப்பணமாகும் இடம் ஒன்று உண்டு. அங்கே, கொடியில் நிற்கும் பூவும் கொடுக்கப்பட்ட பூவே.

காந்தளை விதைக்காக வளர்க்கும் உழவர் இத்தத்துவத்துக்குப் புறம்பானவர் அல்லர். நோய்க்கு மருந்தாகும் பொருளை விளைத்து வயிறு வளர்ப்பது அறமே. பயன் கொள்வது பாவம் என்று எந்த ஆசாரியரும் சொல்லவில்லை. பயன் கொண்டதைக் கொடுத்ததாகக் கணக்கெழுதுவதே தவறு. மல்லிகை விலை ஏறிய நாளில் வேலியோரத்து எருக்கைக் கொய்து வரும் ஏழை, தன் காணிக்கை குறைவென்று நாண வேண்டுவதில்லை. கூடைகூடையாய் மலர் குவித்து, அதனோடு தம் பெயரையும் உபயப் பலகையில் எழுதி, ஒலிபெருக்கியில் அது ஒலிக்கிறதா என்று செவிசாய்த்து நிற்பவரே நாண வேண்டியவர். அவர் இறைவனுக்கு இடுமுன்னரே அந்த மாலையை முகர்ந்துவிட்டார்.