பெயர் நின்றது

எங்கள் அச்சகத்தின் கூரையில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொங்கி, வெண்மை மங்கிப் பழுப்பேறி, தூசு அடைத்த துவாரங்களினூடே பச்சை விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்த வைஃபை பெட்டியைச் சென்ற வாரம் கழற்றியபோது, என் மனத்தில் எழுந்த வினா தத்துவ சம்பந்தமானது. 2009-இல் வகுத்த நியமத்தின்படி இயங்கிய அது போய், 2021-இல் அங்கீகாரம் பெற்ற வைஃபை 6 நியமத்துக்குரியது வந்தது. பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்கும் இட்டமையால், கணினிகளும் கைபேசிகளும் மாற்றத்தை அறியாமலே இணைந்துகொண்டன. அவ்வாறாயின் இது பழைய வலையமைப்பா, புதியதா?

அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் ஆகா, அவற்றின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர் என்று மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கு உணர்த்திய பௌத்த பிக்ஷு நாகசேனரின் பக்ஷமே எனக்கு உசிதமாகப் படுகிறது. உடை மாற்றும் தேகியை உவமை காட்டும் வேதாந்தியிடம் எனக்குப் பக்தி உண்டு. ஆயினும் பெட்டிக்குள் உறையும் ஆத்மா எதையும் நான் காணவில்லை. ஒரே அலைவரிசையைப் பல கருவிகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள, அவற்றுள் பழையது ஒன்று மெதுவாகப் பேசி ஏனையவற்றின் நேரத்தையும் கவர்ந்துகொள்ளும் அந்தப் பரஸ்பர சம்பந்தத்தையே கண்டேன். மூலை மேசையிலுள்ள பழைய பிரிண்டர் இன்றும் அவ்வாறே பேசிக்கொண்டிருக்கிறது.