இல்லை என்பதும் ஓர் அளவை

பொருள்நோக்கு நிரலில் ஒவ்வொரு பொருளும் தன் தரவைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறது. மற்றொரு பொருள் கேள்வி கேட்கலாம், பதில் வாங்கலாம். உள்ளே கை விட முடியாது. 1972இல் கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் இந்தத் தகவல் மறைப்பை வலியுறுத்தியபோது ரகசியம் காப்பது அவர் நோக்கமல்ல. ஒரு பகுதியை மாற்றினால் மற்றவை குலையக் கூடாது என்பதே நோக்கம். மறைத்தாலே காவலும் வந்துவிடும் என்று நினைப்பது பிழை.

வங்கிக் கணக்கு என்றொரு பொருள். இருப்புத் தொகையை அது காட்டாது, ‘இவ்வளவாவது இருக்கிறதா?’ என்றால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். இருப்பு 1,024 ரூபாய்க்குக் குறைவு, சில்லறைக் காசு கிடையாது என்று வைத்துக்கொண்டால், 512இல் தொடங்கி எல்லையைப் பாதி பாதியாகச் சுருக்கிப் பத்தே கேள்விகளில் தொகையைப் பிடித்துவிடலாம். ஒரு பதிலில்கூட அந்தத் தொகை இல்லை. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டோரதி டென்னிங் 1976இல் ஆராய்ந்த மறைமுகத் தகவல் ஓட்டம் இந்த வகைதான்: நிபந்தனையைப் பொறுத்த ஒரு செயல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் நிபந்தனை வெளியே தெரிந்துவிடுகிறது.

நடக்காததிலிருந்து அறிவு எப்படிப் பிறக்கும்? இது அறியும் வழிகளை, அதாவது அளவைகளை, ஆராயும் நூல்களின் பழைய கேள்வி. மணிமேகலையும் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் தரும் அளவைப் பட்டியல்களில் அபாவம் உண்டு: தரையில் குடம் இல்லை என்று அறிவது. ஆனால் சித்தியார் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறது. மீமாம்சை மரபின் பாட்டப் பிரிவினரோ அபாவத்தைத் தனி அளவையாகவே கொண்டு, ஒரு நிபந்தனையும் விதித்தனர்: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை என்று ஆகாது.

இந்த நிபந்தனையை ஏரியிலும் பார்க்கலாம். சென்னைப் புறநகரிலுள்ள சேலையூர் ஏரி போன்ற ஓர் ஏரியில், நிறைந்தால் நீர் வழியும் கலங்கல் வறண்டிருந்தால், கரையேறிப் பார்க்காமலே ஏரி நிறையவில்லை என்று சொல்லிவிடலாம். கலங்கலை விட்டு, கீழே எங்கோ வாய்க்காலைப் பார்த்துச் சொன்னால் அது செல்லாது. நடுவில் வாய்க்கால் தூர்ந்திருக்கலாம். நிரலிலும் இதே கதை. தோல்விகள் எல்லாம் தவறாமல் பதிவாகும் என்றால்தான் காலியான பிழைப் பதிவேடு வெற்றிக்குச் சாட்சி.

நடக்காததன் வழியே கசியும் தகவலைத் தடுக்கவும் முயற்சி உண்டு. 1999இல் ஆண்ட்ரூ மையர்ஸ் ஜாவா நிரல்மொழியை விரித்து உருவாக்கிய ஜேஃப்ளோ, தரவோடு அதன் உரிமையாளர் பெயரையும் சேர்த்து, மறைமுக ஓட்டத்தையும் கணக்கில் எடுத்துச் சோதிக்கிறது. ஆனாலும் கசிவை முற்றாக அடைக்க வழியில்லை: ‘கடவுச்சொல் தவறு’ என்ற பதிலே ஒரு கசிவு. அப்படிப்பட்ட இடங்களில் உரிமையாளரின் அதிகாரத்தோடு விலக்கு அளிப்பதாக நிரலிலேயே எழுத வேண்டும்.