எண்பத்து நான்கு நாள் கொடை

தருமபுரி மாவட்டத்தில் மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. ஆலம்பாடி மாட்டுக்குப் பேர்போன மண் இது. கறவை மாடு சுருண்டு படுத்தால் நடுராத்திரியிலும் டாக்டருக்குப் போன் போகும். தேவைப்பட்டால் நகையும் அடகுக்குப் போகும். அதே வீட்டுப் பெண், தெருவில் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியைத் தூக்கி வந்து, அடுத்த வாரமே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறினால் பேச்சு மாறிவிடும். “பூனைக்கா? இவ்வளவு காசா?” கேலியாகக் கேட்டாலும் நல்ல கேள்விதான்.

தெருவிலிருந்து வரும் குட்டிகளை வாரிக்கொண்டு போகும் நோய்களில் ஒன்று பான்லூகோபீனியா. வெள்ளணுக்களைச் சரித்துக் குடலை அரிக்கும் வைரஸ். நோய் கண்ட குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்துக் குந்தியிருக்கும். தாகம் இருக்கும், ஒரு வாய் நக்காது. வைரஸைக் கொல்லும் மருந்தென்று கையில் ஏதுமில்லை. டிரிப்ஸ், வாந்தியை நிறுத்த ஊசி, ஆன்டிபயாட்டிக் என்று உடம்பைத் தாங்கிப் பிடிப்பதே வைத்தியம். பிழைக்குமா என்பது முதல் நாளில் தெரியாது. பில் முதல் நாளே தொடங்கிவிடும். செலவுக்குப் பயந்து வீட்டில் கிடக்கும் பாரசிட்டமாலில் பாதியைக் கரைத்து ஊற்றுகிற நல்ல மனசுக்காரர்களும் உண்டு. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. அந்தப் பாதி மாத்திரையே எமனாகிவிடும்.

எதிர்வாதத்தையும் அதன் முழுக் கனத்தோடு வைக்க வேண்டும். 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்தன. நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்த மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட 2013 ஆனது. இங்கே பூனைக்குச் செலவழிப்பது அறமா? ஆனால் கல்யாண மண்டப வாடகையையும் காதுகுத்து பேனரையும் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. பூனைக்குப் போகாத பணம் தானாக நடந்து பிரசவ வார்டுக்குப் போய்விடுவதுமில்லை. பூனையோடு நிஜமாகவே போட்டி போடுபவை அதே வீட்டின் ஸ்கூல் ஃபீஸும் பாட்டியின் சர்க்கரை மாத்திரையும்தான்.

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல், அதன் பயனையும் சொல்லாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். அரிய மருந்து யாருக்கு என்ற கேள்விக்கு இந்த மண்ணின் மிகப் பழைய விடை அது. அவனோடு வள்ளல்களாக எண்ணப்படும் பாரி முல்லைக்கொடிக்குத் தேரையும், பேகன் மயிலுக்குப் போர்வையையும் கொடுத்தார்கள். கேட்கத் தெரியாத உயிருக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பதைத் தமிழ் மரபு கிறுக்குத்தனம் என்று ஒதுக்கவில்லை, கொண்டாடியது. ஆனாலும் இவை மூன்றும் ஒரே தடவை கொடுத்தவை. தேரை நிறுத்திவிட்டுப் போன பாரி மறுநாள் வந்து கொடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

நோய் அப்படி விடாது. எஃப்.ஐ.பி. என்றொரு பூனை நோய். பூனைகளிடம் சாதாரணமாக இருக்கும் ஒரு கொரோனா வைரஸ், சிலவற்றின் உடலில் மட்டும் உருமாறி நோயாகும்; பெரும்பாலும் வயிற்றில் மஞ்சள் நீர் தேங்கும். உறுதியானால் சாவுதான் என்றிருந்த நிலையை 2019இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சனின் குழு மாற்றியது. ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்ததில் 25 மீண்டன. அந்தச் சோதனையில் குறைந்தது 12 வாரம், அதாவது 84 நாள், தினமும் ஊசி. எடைக்குத் தக்க அளவு என்பதால் பூனை தேறிச் சதைபோடப் போட மருந்தும் கூடும், செலவும் ஏறும். நாற்பதாவது நாளும் கொடுக்கத் தோன்றுமா? வள்ளல்களுக்கு இந்தப் பரீட்சை வரவேயில்லை.

“வந்து பத்து நாள்கூட ஆகலையே, எடுத்த இடத்திலேயே விட்டுடலாமே” என்பது வீட்டுப் பெரியவர்களின் யோசனை. இதற்கு ஸ்ரீவைஷ்ணவம் ஒரு பூனையைக் கொண்டே பதில் சொல்கிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது இறையருளுக்கு வடகலை மரபு காட்டும் உவமை. பூனைக்குட்டி சும்மா இருக்கும், தாய்தான் கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. குட்டி எதைச் செய்து தகுதி பெற்றது, எத்தனை நாள் உறவு என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. கவ்வித் தூக்கியாகிவிட்டது, அவ்வளவுதான். வாசற்படி தாண்டித் தூக்கி வந்தவர் அந்தத் தாயின் இடத்தில் நிற்கிறார். பசி தாகத்தில் வாடும்படி, தக்க காரணமின்றி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். சாக்குப்பையில் கட்டிக் கறிக்கடை ஓரம் விட்டுவருகிற வழக்கமும் அதற்குள் அடங்கலாம்.

தூக்கியவர் எதுவரை சுமக்க வேண்டும்? 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வேதனையில் கிடந்த கன்றை டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு முடிக்கச் செய்தார் காந்தி. அகிம்சை பேசுபவரா இதைச் செய்தார் என்று கண்டனங்கள் குவிந்தன; செய்ததே அகிம்சை என்று வாதாடினார். வள்ளலாரின் தரம்பிரிப்பு வேறு. பசியையும் கொலையையும் நீக்குவது அவருக்குப் பர சீவகாருணியம், மேலானது; பிணி முதலிய மற்றத் துன்பங்களை நீக்குவது அபர சீவகாருணியம், அதற்கு அடுத்தது. இந்தக் கணக்கில் மருந்து வாங்க முடியாதது அபரத்தில் குறை. உயிரை முடிப்பது பரத்திலேயே கை வைப்பது. இரண்டில் காந்தி பக்கம் சாய்வதே சரி, ஒரு நிபந்தனையோடு: முடிக்க வேண்டியது பூனையின் வேதனையை, வீட்டுக்காரரின் கடன் கவலையை அல்ல. பணம் இல்லை என்பதற்கும் பிழைக்காது என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

அந்த நடு இடத்துக்கு ஓர் உதாரணம்: பழைய டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயில் வளாகத்தில் ஒரு பறவை மருத்துவமனை இருக்கிறது. பருந்து, கழுகு மாதிரி இரை தின்னும் பறவைகளுக்கு அங்கே படுக்கை கிடையாது. வெளிநோயாளியாக மருந்து மட்டும் கிடைக்கும். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் சண்டை பிடிக்கலாம். ஆனால் கோடு வாசலில் இல்லை, உள்ளே இருக்கிறது. கையில் உள்ள தொகையை முதல் நாளே டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடும் வீட்டில் இதேதான் நடக்கிறது: அட்மிஷன் இல்லை, தினம் ஒரு முறை தோலுக்கடியில் டிரிப்ஸ், ராத்திரியில் ஊசியில்லாத சிரிஞ்சால் துளித்துளியாகக் கஞ்சித்தண்ணீர்.