ஏடெழுதியோர் கேட்காத அனுமதி

மாத்தளை நகரத்துக் கொமினிகேசன் கடைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு, "இந்த மெஷினுக்கு விண்டோஸ் லெவன் ஏறாதாம்" என்பதுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அடுத்த பதிப்புக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். ஆறாம் தலைமுறைச் செயலியோடு நேற்றுவரை குறையில்லாமல் ஓடிய கணினி, எந்தப் பழுதும் இல்லாமலே கழிவுப் பொருளாகிறது. 2022இல் ரூபா விழுந்த பிறகு புதிய மடிக்கணினி என்ன விலைக்குப் போனது என்று இங்கே எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எல்கடுவைப் பக்கத்துத் தோட்ட லயன் ஒன்றில், பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகுவைத்து வாங்கிய பெட்டியாக அது இருக்கலாம்.

சின்ன எரிச்சல்கள் எல்லோருக்கும் பழக்கமானவை. பிரிண்ட் எடுக்க ஆள் காத்துநிற்கும்போது, அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கணினி தன்பாட்டில் புதுப்பித்துக்கொள்ளும். மாதக் கடைசிவரை இழுத்துப் பிடித்த டேட்டா ஒரே இரவில் தீர்ந்துபோகும். இவற்றில் போகிற நேரம் பெரிதல்ல. நம் மேசைமேல் இருக்கும் பொருளைப் பற்றிய முடிவை நம்மைக் கேட்காமல் வேறு யாரோ எடுக்கிறார்கள் என்பதுதான் மனதைச் சுடுகிறது.

தமிழர்களாகிய நமக்கு இந்தச் சூடு பழையது. இலங்கையில் எத்தனையோ ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். முத்துமாரியம்மன் கோவில் பஞ்சரத பவனி நோட்டீஸ், சங்கக் கணக்கு, இறந்தவர் நினைவு மலர் என்று இந்த ஊரின் எத்தனை எழுத்து அப்படிக் கிடக்கிறது! அவை எரியவில்லை, கறையான் தின்னவுமில்லை. ஆனாலும் வாசிக்க முடியவில்லை.

எழுத்தைக் காத்த கதையும் இந்த ஊருக்கு உண்டு. நகரிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் அலுவிகாரை என்ற பாறைக் குகை விகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்வழியாகவே வந்த பௌத்தத் திரிபிடகத்தைப் பிக்குமார் இங்கேதான் ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. போரும் பஞ்சமும் நாட்டை அலைக்கழித்த காலம் அது; மனப்பாடம் செய்தவர்கள் மாண்டால் பாடமும் மாளும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. இன்றும் அங்கே போகிறவர்களுக்கு, ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்துக் காட்டுகிறார்கள்.

ஓலை நெடுங்காலம் நிற்பதல்ல. ஈரமும் பூச்சியும் அதை அரித்துவிடும். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது இந்த விகாரையின் ஏடுகளும் அழிந்தன. அப்படியும் அந்த நூல் இன்று இருப்பதற்கு ஒரே காரணம், எழுத்தாணி பிடிக்கத் தெரிந்த எவரும் யாரிடமும் உத்தரவு கேட்காமல் அதைப் பெயர்த்தெழுத முடிந்ததுதான். ஓர் இடத்து ஏடு எரிந்தாலும் இன்னோர் இடத்தில், கடல் தாண்டிய நாட்டில்கூட, பிரதி இருந்தது. அறிவைக் காப்பது பொருளின் உறுதியல்ல, பெயர்த்தெழுதும் உரிமை என்று அந்தப் பாறைக் குகைகளைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

அந்த உரிமையைக் கணினியில் தரும் இயங்குதளம் லினக்ஸ். அதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் முதலில் சொல்வது அது இலவசம் என்பதை. அது உண்மை. ஆனால் இலவசம் அதன் ஓரம் மட்டுமே. 1991இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸின் கருநிரல், ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனூ உரிமத்தின் கீழ் வந்ததால், எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்றானது. அந்த உரிமை என்ன செய்யும் என்பதை இந்தத் தீவே ஒருமுறை காட்டியது. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களை நிர்வகிக்கவும் இலங்கைத் தன்னார்வலர்கள் சஹானா என்ற மென்பொருளை எழுதித் திறந்த நிரலாக விட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. நம் துயரத்தில் எழுதியது முன்பின் தெரியாதவர்களின் துயரத்துக்கு உதவியது.

லினக்ஸுக்கு மாறுவது சுலபம் என்று சொல்லமாட்டேன். கடைக்காரரின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடலாம், பழைய பிரிண்டர் முரண்டு பிடிக்கலாம், பாமினிக்குப் பழகிய விரல் தடுமாறும். அந்தத் தடைகளுக்காக விண்டோஸிலேயே தங்குகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் தங்குகிறவரும் இரண்டு வேலைகளைச் செய்யலாம். பாமினிக் கோப்புகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றி லிப்ரே ஆஃபிஸ் வடிவில் ஒரு பிரதி வைப்பது முதல் வேலை. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, விண்டோஸை விட்டு நகரவும் தேவையில்லை. ஓரத்தில் ஒதுக்கிய பழைய கணினியை வீசுவதற்கு முன், லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்டைப் பென் டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் இயக்கிப் பார்ப்பது அடுத்தது. நான்கு ஜீபி நினைவகம் இருந்தால் பிள்ளை பாடம் படிக்கவும் கடிதம் அடிக்கவும் போதும். பிரிண்டரையும் வைஃபையையும் மட்டும் அப்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.