ஒன்றரை ஷிப்டும் ஐம்பது சதவீதமும்

சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானங்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் ஒன்று. ஆனால் 2025-ல் கொங்கு நாட்டின் மேல் விழுந்த அடியைத் தடுக்க எந்த விமானத்தாலும் முடிந்திருக்காது. அந்த ஆயுதத்தின் பெயர் வரி.

ஆகஸ்ட் 7-ல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. உக்ரைன் போருக்கான அபராதத்தைத் திருப்பூர் பனியன் கம்பெனிகள் கட்ட வேண்டியதாயிற்று. அங்கிருந்து ஏற்றுமதியாவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்போது அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அன்று வரி 20 சதவீதம் என்றால், பையர் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வணிகம் மறிக்கப்பட்டது இது முதல்முறையல்ல. 1861-ல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் துறைமுகங்களை வடக்கின் கடற்படை மறித்தது. அமெரிக்கப் பஞ்சு வராததால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடின. விலை எகிறியது, போர் முடிந்ததும் சரிந்தது. அன்றைக்கு வணிகத்தை மறிக்கக் கப்பற்படை வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு கையெழுத்து போதும்.

ஆர்டர் குறைந்தால் முதலில் போவது அரை ஷிப்ட். திருப்பூரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை. வீட்டு வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் அந்த அரையில்தான் இருக்கின்றன. அடுத்து பீஸ் ரேட்காரர்கள். ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு வேலைநீக்கக் கடிதம் எதுவும் வராது. "ஆர்டர் வந்தாச் சொல்லி உடறோம்" என்பதோடு சரி. சனிக்கிழமைச் சம்பளம் நின்றுவிடும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ரயிலேறிவிட்டால், எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்ற கணக்கும் அவர்களோடு போய்விடும்.

பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை மத்திய அரசு 2025 டிசம்பர் வரை நீக்கியது. மில்களுக்கு அது உதவி. பருத்தி விவசாயிக்கு அதுவே பாதகம். தையல் மெஷினுக்கு முன்னால் இருப்பவருக்கோ அதில் நேரடியாக ஒன்றுமில்லை.

எண்ணெய் எங்கே வாங்குவது என்பது நாட்டின் முடிவு. அதன் விலையையும் நாடே ஏற்க வேண்டும். எல்லையில் குண்டு விழுந்த வீட்டுக்கு நிவாரணம் தருகிறோம். வரியால் அடுப்பணைந்த வீட்டுக்கும், கம்பெனிப் பதிவேட்டில் பெயரில்லாத பீஸ் ரேட் தொழிலாளியையும் சேர்த்து, வேலையில்லாத வாரங்களுக்குக் கூலி கொடுங்கள்.